ஓரம் வெட்டிய வில்லைகள்

– பொறியாளர் படையை அங்கயே குந்த வச்சுட்டு என்ன மசாகி யோசிக்கிற? டீ ஆறுது.

– கண்ணிவெடி எடுக்கிற வேலையாச்சே மாமா. நகராம, சுடாம ஒரு சுத்து உக்காந்தாத்தான் பகடையே உருட்டலாம். உங்க விளையாட்டு, உங்க விதி.

– மாமாவெல்லாம் அப்புறம். உருட்டு.

– மூணு.

– ஆறு விழுந்தாத்தான் வெடி வெளிய வரும். நோண்டு, நல்லா நோண்டு.

– அப்பா, பந்தயத்தை இன்னொரு தடவை சொல்லிடுங்க. பின்னாடி மாத்திப் பேசக் கூடாது.

– எத்தனை தடவை சியோரி? இவன் டாங்கி பாலத்தைத் தாண்டினா, கல்யாணத்துக்கு அப்புறம் நீ இவன் குடும்பப் பேருக்கு மாறி சுகவரா. உன் பல் ஆஸ்பத்திரி போர்டையும் மாத்திக்க. தாண்டலைன்னா இவன் நம்ம பேருக்கு வந்து கிரியாமா ஆகணும். நம்ம நாட்டுச் சட்டப்படி புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே குடும்பப் பேருதான். சண்டை போடாம அப்பன் பேரை விட்டுக்குடுக்கிற கோழை மட்டும் என் வீட்டுக்கு வேண்டாம்.

– மறுபடி மூணுதான் மாமா. இது கடைசிச் சுத்து வேற. அவங்க அங்கயே நோண்டட்டும். டாங்கி ரெண்டும் வலப்பக்க அட்டை வில்லை மேல ஏறிப் போகட்டும்.

– கவுத்து வச்ச வில்லைப்பா அது. வெடியாவும் இருக்கலாம், வெத்தாவும் இருக்கலாம். பொறியாளர் இல்லாமயா போற?

– போறேன்.

– திருப்பறேன் பாரு. வெடி. ரெண்டு டாங்கியும் காலி.

– ஐயோ, அப்பா.

– என்ன ஐயோ? பொறியாளருங்க நோண்டின வில்லையையும் பாரு. வெறும் வெத்து. சின்னப் புள்ளையில உன் கையில நகவெட்டியக் குடுத்து வில்லை ஓரமெல்லாம் வெட்டச் சொன்னேன். நீ வெடி வில்லைக்கு மட்டும் ஒரு முனையைக் கூடுதலா வெட்டி வச்சு, வருஷக்கணக்கா என்னை ஜெயிச்ச. இவன் காதுலயும் நீ அதை ஓதியிருப்பன்னு தெரியாதா எனக்கு? நேத்து வெத்து வில்லைக்கெல்லாம் நானே அதே மாதிரி வெட்டிட்டேன். வெடிக்கு மட்டும் புதுசு.

– புதுசு ஏதுப்பா? பிரிக்கவே மாட்டேன்னு அலமாரியில வச்சிருந்தீங்களே, இதே விளையாட்டோட ரெண்டாவது பெட்டி, அதையா பிரிச்சீங்க?

– வயிறு எரிய எரியப் பிரிச்சேன். பேரு நிக்கணுமில்ல?

– ஏமாந்துட்டேன் மாமா. இனிமே நான் கிரியாமாதான்.

– மூஞ்சியில ஒரு சோகம் கூடக் காணோமே. சரி, தோத்தவன் பெட்டி மூடிக்குள்ள தன் பேரு முத்திரையைக் குத்தணும், அது எங்க வீட்டு வழக்கம். சுகவரான்னு கடைசியா ஒரு தடவை குத்திக்க.

– இந்தாங்க, குத்தியாச்சு.

– என்னடா இது, கிரியாமான்னு விழுந்திருக்கு? என் முத்திரையை எடுத்துட்டியா?

– உங்களது உங்க பையிலதான் இருக்கு மாமா. இது நானும் சியோரியும் போன மாசமே கடையில குடுத்துச் செதுக்கினது. முனை வெட்டின வில்லையே நிறைய இருந்ததால, எந்த வில்லை மேல ஏறினா நிச்சயமாத் தோப்பேன்னு தெரியாமத்தான் தவிச்சேன், நல்லவேளையா நீங்க வச்ச புது அட்டை பளபளன்னு காட்டிக் குடுத்துருச்சு.