இருபது வரை எண்ணு

மஹாலக்ஷ்மி: பார்சலை அங்கேயே வை லூசி. அப்புறம் பார்த்துக்கறேன்.

லூசி: பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்தேன்ட்டி. பிரிச்சு அளவு பாரேன்.

மஹாலக்ஷ்மி: திருநெல்வேலி வெயில்ல ஏழு மாசக் குழந்தைக்கு ஸ்வெட்டர். வியன்னாக் குளிர்ல நின்னுண்டு வாங்கியிருக்கே.

லூசி: மழைக்கு ஆகும்லா. பிரிச்சுத்தான் பாரேன்...

மஹாலக்ஷ்மி: மெதுவா. இப்பத்தான் தொட்டில்ல கண்ணசந்தா.

லூசி: சரி, பையவே பேசுதேன்.

மஹாலக்ஷ்மி: அம்மா காப்பி வச்சுட்டுப் போயிருக்கா. குடிக்கலாமோல்லியோ? வெளிநாடு போயிட்டு வந்த பெரிய அதிகாரி.

லூசி: சிரிக்காதட்டி, அதுக்கும் பாடம் நடத்துனாங்க. அணு உலையைச் சோதிக்கப் போற எடத்துல அவங்க குடுக்குற காப்பியக் குடிக்கலாமா கூடாதான்னு அரை நாளு. பதினெட்டு நாட்டு ஆளுங்க. ஒருத்தர் சொல்லுதாரு, காப்பி குடிக்கலாம், கேக்கு திங்கக் கூடாதுன்னு. இன்னொருத்தர், எங்க ஊர்ல வேண்டாம்னு சொன்னா ரெண்டு நாளைக்குக் கதவே தொறக்க மாட்டாங்கன்னு...

மஹாலக்ஷ்மி: இதுக்கு ஒன்பது வாரம்.

லூசி: எட்டு.

மஹாலக்ஷ்மி: எனக்கு ஒன்பதுன்னு கணக்கு.

லூசி: எண்ணிக்கிட்டா இருந்த?

மஹாலக்ஷ்மி: வேற என்ன வேலை எனக்கு? பாலைக் கொடு, துணியை அலசு, நெல்லையப்பர் கோயில் மணி கேட்டா இன்னிக்குப் பொழுது போச்சுன்னு எண்ணு. பம்பாய் அணுப் பாதுகாப்பு ஆபீஸ்ல நம்ம ரெண்டு பேர் மேஜையும் ஒட்டி ஒட்டி. இப்போ ஒருத்திக்குப் பன்னாட்டுப் பயிற்சி. இன்னொருத்திக்கு மேல ரத வீதியில கிரைப் வாட்டர்.

லூசி: லீவு முடிஞ்சு வரத்தான போற...

மஹாலக்ஷ்மி: போட்டோவைக் காட்டு. இது யாரோட கோட்டு?

லூசி: நம்ம ஆபீஸ் தில்லைநாயகம் சார் மக குடுத்தது. தோளு தொங்குதுல்லா?

மஹாலக்ஷ்மி: உனக்கு நன்னாத்தான் இருக்கு.

லூசி: மூஞ்ச உர்ருன்னு வச்சுக்கிட்டுச் சொல்லுதியே.

மஹாலக்ஷ்மி: சிரிச்சா தையல் இழுக்கறது.

லூசி: ஏழு மாசமாவா?

மஹாலக்ஷ்மி: ...சரி, போட்டோ போறும். உருப்படியா என்ன கத்துண்டே, அதைச் சொல்லு.

லூசி: சும்மா இருக்கக் கத்துக்கிட்டேன்.

மஹாலக்ஷ்மி: கேலியா?

லூசி: நெசமாத்தான். வயசான இஞ்சினியர் ஒருத்தர் உலை மேனேஜரா நடிப்பாரு. நான் சோதிக்கப் போறவ. ‘இந்த வால்வை ஏன் பூட்டலை’ன்னு கேக்கணும். கேட்டுட்டு வாயை மூடிரணும். மனசுக்குள்ள இருபது வரை எண்ணு, அதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேசாதன்னாங்க. எதிர்ல இருக்கவங்களால அதைத் தாங்க முடியாது. முதல்ல பொய் வரும். பொறவு சமாதானம் வரும். பொறவு நாம கேக்காததெல்லாம் வரும்.

மஹாலக்ஷ்மி: எம்.எஸ்ஸி.ல முதல் ரேங்க் வாங்கறதுக்கு நான் கை ஓயாம எழுதினேன். சும்மா இருக்கறவளுக்கு விமானம்.

லூசி: எனக்கு முதல் நாளே வந்துட்டு. கடக்கரை ஏலத்துல எங்கம்மா அப்படித்தான் நிப்பா. மீனைக் காட்டிட்டுப் பேசவே மாட்டா. வியாபாரி அவனாவே வெலையைக் கூட்டுவான்.

மஹாலக்ஷ்மி: மீனும் அணு உலையும் ஒண்ணா?

லூசி: மனுசன் ஒண்ணுதானட்டி.

மஹாலக்ஷ்மி: உங்கப்பாவுக்குத் தலைகால் புரிஞ்சிருக்காது.

லூசி: சிலுவைமுத்து மக வியன்னாவுக்குப் போறான்னு ஊர்ல ஒரு வீடு விடாமச் சொல்லிட்டாரு. கூடங்குளத்துல உலை கட்டுனா எம்மவ உள்ள போய்ப் பாப்பா, சரியில்லன்னா நிறுத்திருவாங்காரு. நான் என்னமோ சுவிட்சப் போட்டு அணைக்கப் போற மாதிரி.

மஹாலக்ஷ்மி: எங்காத்துல என்னைப் பத்திப் பேச்சே இல்லை. குழந்தைக்குப் பல் முளைக்கறதான்னுதான் பேச்சு... லூசி, அடுத்த பயிற்சிக்கு ஒரு இடம் இருக்காமே.

லூசி: யாரு சொன்னா?

மஹாலக்ஷ்மி: தில்லைநாயகம் சார்தான், போன்ல. போயிட்டு வந்தவதான் பேர் எழுதிக் கொடுக்கணுமாம். வெள்ளிக்கிழமை கடைசியாம்.

லூசி: ஆமா. பேரு எழுதுற ஃபாரம் கைப்பையிலதான் இருக்கு.

மஹாலக்ஷ்மி: பேர் எழுதியாச்சா?

லூசி: இல்ல.

மஹாலக்ஷ்மி: நானா கேக்க மாட்டேன்.

லூசி: கேளேன்.

மஹாலக்ஷ்மி: குழந்தையை அம்மா பார்த்துக்கறேன்னுட்டா. அவரும் சரின்னு லெட்டர் போட்டுட்டார். வயசு வரம்பு இருக்கு, இந்தத் தடவை விட்டா எனக்குக் கிடையாது... கேட்டாச்சு. போறுமா?

லூசி: எழுதுறதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கணும். என்னைத் தேர்வு பண்ணுறதுக்கு முன்னால ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. நான் போகக் கூடாதுன்னு.

மஹாலக்ஷ்மி: அப்படியா...

லூசி: அதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

மஹாலக்ஷ்மி: எனக்கென்ன தெரியும்? நான் இங்க கிடக்கேன்.

லூசி: ...

மஹாலக்ஷ்மி: வயித்தெரிச்சல் பிடிச்சவன் எவனாவது போட்டிருப்பான். நம்ம ஆபீஸ்ல அதுக்கா ஆள் இல்லை.

லூசி: ...

மஹாலக்ஷ்மி: காப்பி ஆறிப் போறது பார்.

லூசி: ...

மஹாலக்ஷ்மி: ஏன் இப்படிப் பார்க்கறே? ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே அது. உன் தம்பி ரெக்சன் உலை வேண்டாம்னு ஊர்வலத்துல கொடி பிடிச்சது... நாம லீவுல வந்திருந்தப்போ போலீஸ் ஸ்டேஷன்ல அவனை உட்கார வச்சாளே, ராத்திரி சாப்பாடு கொண்டுபோனது யாரு? நீயும் நானும்தானே. வேற ஒருத்தருக்கும்...

லூசி: வேற ஒருத்தருக்கும் தெரியாது.

மஹாலக்ஷ்மி: ...

லூசி: கடுதாசியில ரெக்சன் பேரு இருந்துச்சுன்னு நான் இன்னும் சொல்லவே இல்ல மஹா.

மஹாலக்ஷ்மி: எத்தனை வரைக்கும் எண்ணினே?

லூசி: பதினொண்ணு.

மஹாலக்ஷ்மி: ...இடது கையால எழுதினேன். இதே கூடத்துல, இவளை மடியில போட்டுண்டு. தம்பி ரெக்சன் உலைக்கு எதிரா நிக்கறவன், அக்கா எப்படி நடுநிலையாச் சோதிப்பான்னு ரெண்டே வரி. தபால் பெட்டியில போட்டுட்டு வந்து பால் கொடுக்க உட்கார்ந்தா பால் வரலை. இவ அழறா. நானும்...

லூசி: என் மேல என்ன கோவம்?

மஹாலக்ஷ்மி: நீதானே எழுதினே, ‘பேர் கொடுத்திருக்கேன், எனக்காக வேண்டிக்கோ’ன்னு. அதைப் படிச்சப்போதான் இப்படி ஒரு பயிற்சின்னே எனக்குத் தெரிஞ்சது. எனக்கு ஒருத்தரும் ஒரு காகிதம்கூட அனுப்பலை. பிள்ளை பெத்தவதானேன்னு ஆபீஸ்ல என் பேரை அடிச்சுட்டான்னு நினைச்சேன். ஆபீஸை நான் என்ன பண்ண முடியும்? கைக்கு எட்டினது நீதான்.

லூசி: ஒன்றரை மணி நேரம் கேட்டாங்க என்னை. தம்பி ரோட்டுல நின்னு கேட்ட கேள்வியத்தான் நான் உள்ள போய்க் கேக்கப் போறேன், பதில் சரியா இருந்தா அவனுக்கும் நல்லது, உலைக்கும் நல்லதுன்னேன். பொறவு வியன்னாவுக்கு அனுப்பிட்டாங்க.

மஹாலக்ஷ்மி: நான்தான்னு தெரிஞ்சுண்டேதான் வந்தியா?

லூசி: பாதி தெரியும்.

மஹாலக்ஷ்மி: அப்போ எதுக்கு ஸ்வெட்டர்? திட்டு. உங்க ஊர்ப் பாஷையில திட்டு, வாங்கிக்கறேன்.

லூசி: திட்ட முடியல.

மஹாலக்ஷ்மி: ஏன்?

லூசி: சும்மாதான்... மூணு மணிக்கு ராதாபுரம் பஸ்சு. நான் கெளம்புதேன்.

மஹாலக்ஷ்மி: உட்காரு. இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். பிரசவத்துக்கு வர்றச்சே, என் மேஜைக்கு வர தபாலையெல்லாம் திருநெல்வேலிக்குத் திருப்பி விடுன்னு உன்கிட்டதானே சொல்லிட்டு வந்தேன்?

லூசி: ஆமா. அனுப்புனேம்லா.

மஹாலக்ஷ்மி: அனுப்பினே. எல்.ஐ.சி. நோட்டீஸ் வந்தது. கிருபைராஜ் கல்யாணப் பத்திரிகை வந்தது. சொசைட்டி காலண்டர்கூட மடங்காம வந்தது. அந்தப் பயிற்சிக்கான சுற்றறிக்கை மட்டும் எனக்கு ஏன் வரலை?

லூசி: லீவுல இருக்கவங்களுக்குப் போட்டிருக்க மாட்டாங்க.

மஹாலக்ஷ்மி: ...

லூசி: அந்தச் சமயம் தபாலெல்லாம் தாமசமாகிட்டு வேற...

மஹாலக்ஷ்மி: ...

லூசி: அப்படிப் பாக்காதட்டி. இதைச் சொல்லிக் குடுத்ததே நானு.

மஹாலக்ஷ்மி: ...

லூசி: பாப்பா முழிக்கா பாரு.

மஹாலக்ஷ்மி: ...

லூசி: அந்தப் பார்சலைப் பிரி மஹா. வந்ததுலருந்து சொல்லுதேன்லா. ஸ்வெட்டருக்கு அடியில ஒரு கவர் இருக்கும். எனக்கு வந்த அதே நாள் உனக்கும் வந்தது. நீ பேர் குடுத்தா எனக்கு எடம் கெடையாதுன்னு தெரியும். எட்டு வாரமும் பெட்டியிலேயே வச்சிருந்தேன்... ஒட்டுகூடப் பிரிக்கல.