மூன்று கறுப்புகள்

சுடாத பானையைப் பார்த்து அதன் நிறத்தைச் சொல்ல முடியாது, டாக்டர். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். மேஜையில் மூன்று கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் கோபால்ட், ஒன்றில் மாங்கனீஸ், ஒன்றில் செம்பு. மூன்றும் தண்ணீரில் கரைத்த கரி மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும். சூளைக்குள் போய் வந்த பிறகுதான் முதலாவது நீலம், இரண்டாவது பழுப்பு, மூன்றாவது பச்சை. வந்தவர்கள் "அப்படியா" என்பார்கள். பிறகு என்னை விட்டுவிட்டு அக்கா வரைவதைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அக்காவுக்கு இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் பேசும்போது தடுமாறுகிறார் என்றீர்கள். அக்கா வெளியே உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வரைகிறவள். நான் நிறுக்கிறவள். அதனால் அவள் என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவாள். பொடிகளை நிறுத்துக் கரைப்பது, வடிகட்டுவது, மேலே கண்ணாடிப் பூச்சு பூசுவது, சூளை அடுக்குவது, திறப்பது எல்லாம் என் வேலை. தூரிகை அவளுடையது. வரையும்போது அவள் கிண்ணங்களைப் பார்க்கவே மாட்டாள். இடது பக்கம் நீலம், நடுவில் பழுப்பு, வலது பக்கம் பச்சை. கை தானாகப் போய் வரும், கண் பானையிலேயே இருக்கும். "இந்தக் குருவிக்கு வயித்துல மட்டும் லேசா பச்சை போதும். கூட வெச்சா கிளின்னு சொல்லிடுவாங்க" என்பாள். எனக்கு வெள்ளை மண்ணில் ஒரு கறுப்புக் குருவிதான் தெரியும். சூளையைத் திறந்தால் அவள் சொன்ன குருவி இருக்கும். நிறம் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. அவள் நம்பியதும் அதை மட்டும்தான்.

எங்கள் அம்மாவைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு மறதி வந்தது. சோப்புத் தூளையும் உப்பையும் மாற்றி வைத்ததில் தொடங்கி, கடைசியில் எங்கள் இருவரில் யார் மகள் என்று கேட்கும் அளவுக்குப் போனது. பார்த்துக்கொண்டது அக்காதான். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், பட்டறைத் தரையைக் கழுவிக்கொண்டே, "எனக்கும் இது வந்துச்சுன்னா என்னை எங்கயாவது சேத்துடுடி. நீ என்கூடக் கிடந்து கஷ்டப்படாதே" என்றாள். எனக்கு அவளை விட்டால் ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

அப்புறம், நெட்டையன் என்று அக்கா பெயர் வைத்தவர் வந்தார். அவரும் குயவர்தான், வேறு நகரத்தில். ஆள் உயரம் நிற்கும் ஜாடிகள் செய்வார். நிறம் அவருக்குக் கைவராது. அக்காவின் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் ஜாடியெல்லாம் மொட்டைச் சுவரு மாதிரி நிக்குதுங்க. நீங்க வந்து ரெண்டு குருவி விட்டா பொழைச்சுக்கும்" என்றார்.

"குருவி வந்தா எச்சமும் போடும். பரவாயில்லையா?"

"சுவரு என்னங்க சொல்லப்போகுது?"

அக்கா சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அடுத்தடுத்து அவர் வந்தார். ஒரு மாலை, தூரிகைகளைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "அவர் ஊருக்கு நான் முன்னாடி போறேன் தராசு. அங்க எல்லாம் சரியான அப்புறம் நீயும் வாயேன்."

'அப்புறம்' என்றாள். நான் சரி என்றேன்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதான், டாக்டர். அதை நீங்கள் நம்ப வேண்டும். கிண்ணங்களைக் கழுவி நிரப்பியபோது இடம் மாற்றி வைத்துவிட்டேன். சூளையைத் திறந்தோம். ஒரு பெரிய தட்டில் அவள் ஓர் ஆறு வரைந்திருந்தாள். ஆறு பழுப்பாக வந்திருந்தது, கரையெல்லாம் நீலம். என் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நானா? நடுக் கிண்ணத்தைத் தொட்டுட்டேனா?"

முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தட்டின் சூடு இன்னும் ஆறவில்லை. அவள் கையுறை போட மறந்து அதை மடியில் வைத்திருந்தாள். "அம்மாவுக்கும் இப்படித்தானேடி ஆரம்பிச்சுது" என்றாள். நான் தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலை அவள் நெட்டையனிடம் தொலைபேசியில், கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்று சொல்வது கேட்டது.

இந்த வழியை நான் தேடிப் போகவில்லை. அது என் கைக்கு வந்தது.

பிறகு நானே கிண்ணங்களை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் இல்லை. எப்போதும் தப்பாக வந்தால் கிண்ணத்தின் மேல் சந்தேகம் வரும். நடுநடுவே ஒரு சூளை நன்றாக வர வேண்டும், அப்போதுதான் சந்தேகம் தன் மேல் திரும்பும். அக்கா கிண்ணங்களில் பெயர் எழுதி ஒட்டினாள். அவள் எழுத்தை நான் தொடவில்லை. உள்ளே இருந்ததை மட்டும் மாற்றினேன். பொடியில் கோளாறு இருக்குமோ என்று அவள் ஒருநாள் சின்னச் சின்ன மண் வில்லைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்து, சுட்டுத் தரச் சொன்னாள். அன்று எல்லாவற்றையும் சரியான இடத்தில் வைத்திருந்தேன். நீலம் நீலமாக வந்தது, பச்சை பச்சையாக வந்தது. அவள் வில்லைகளை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"பொடி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பொடி கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஏங்கிய குரல். அன்று அவளுக்கு நான் தலை வாரிவிட்டேன். நன்றாகத் தூங்கினாள்.

நெட்டையன் விடவில்லை. நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். "நிறம்தானே படுத்துது? தூக்கிப் போடுங்க. கறுப்பு வெள்ளை போதும்" என்றார். வெள்ளை மண் பாத்திரத்தில் கறுப்புக் களிக்குழம்பைப் பூசி, காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது கூர்க்கம்பியால் கீறினால், அடியில் இருக்கும் வெள்ளை கோடாகத் தெரியும். கீறும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும், சூளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அக்கா ஒரு வாரத்திலேயே நிமிர்ந்துவிட்டாள். வேலை செய்யும்போது முனகிப் பாட ஆரம்பித்தாள். "இதுல என்னை யாரும் ஏமாத்த முடியாது தராசு, என் மண்டை உட்பட" என்றாள். தூரிகைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். கிளம்பும் நாளும் குறித்தாகிவிட்டது.

ஒரு பெரிய கிண்ணத்தில் பறவைக் கூட்டம் கீறினாள். எல்லாம் ஒரே திசையில் பறந்தன. கடைசிப் பறவை மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. அது ஏன் என்று கேட்டேன்.

"அதுவா? அது நீதான். சூளையை அணைச்சோமான்னு திரும்பிப் பாக்குறே."

இருவரும் சிரித்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கப் போனாள். நான் ஈர ஸ்பாஞ்சை எடுத்தேன். கோடுகள் ஆழமாக இருந்ததால் வளைந்த தகட்டால் வழிக்கவும் வேண்டியிருந்தது. கூட்டத்தின் முன்னாலிருந்து தொடங்கினேன். கடைசிப் பறவைக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. மண் காய்ந்துவிடும் என்பதால் தொடர்ந்தேன். மறுபடியும் கறுப்புக் குழம்பைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

காலையில் தாளை விலக்கினாள்.

"நேத்து இதுல பறவை கீறினேன் இல்லடி?"

"இல்லையேக்கா. வெறும் பூச்சுதானே பூசினே."

அதுவரை நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. பேசாமல்தான் இருந்திருக்கிறேன். அவள் தன் நகக்கண்களைப் பார்த்தாள். உள்ளே கறுப்பு மண் இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

அதோடு அவள் கம்பியைத் தொடவில்லை. நானும் எதையும் தொடவில்லை, தொட வேண்டிய அவசியம் வரவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று கேட்பாள், அணைத்திருப்பாள். குளித்தேனா என்று கேட்பாள், தலையில் ஈரம் சொட்டும். தனியாகத் தெருமுனை வரை போவதையும் நிறுத்திவிட்டாள். நெட்டையன் கடைசியாக வந்தபோது அவரிடம், "நீங்க யாருன்னு தெரியுது, ஆனா தெரியுதுன்னு சொல்லப் பயமா இருக்கு" என்றாள். அவர் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார். இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் சோறு போட்டால் சாப்பிடுவாள். எங்கே போனாலும் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை.

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். போன தடவை அவள் உங்களிடம் ரகசியமாக ஒன்று கேட்டிருக்கிறாள். பராமரிப்பு இல்லத்தில் சேர நீங்கள் எழுதித் தர வேண்டும் என்று. தங்கச்சி வாழ்க்கை வீணாகக் கூடாது என்றாளாம். நர்ஸம்மா சொன்னார். அவளுக்கு ஒரு நோயும் இல்லை, டாக்டர். அதனால் எழுதித் தராதீர்கள். இல்லத்தில் போய் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அவள் வீட்டில் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். நான் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள். என்னைத் தவிர அவள் நம்புவதற்கு இப்போது யாரும் இல்லை.

இந்தக் கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள். டீ குடித்த காகித டம்ளரில் நகத்தால் ஏதோ கீறிக்கொண்டிருக்கிறாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான். பறவைகள் மாதிரி தெரிகிறது. கடைசியில் ஒன்று திரும்பிப் பார்க்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

நான் போகும்போது அந்த டம்ளரை வாங்கிக் குப்பையில் போட்டுவிடுகிறேன். எங்கே என்று கேட்டால், நீ டீயே குடிக்கவில்லையே அக்கா என்பேன். பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொள்வாள், நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம்.