தனியாக நின்ற சொல்

உங்கள் மேசையில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. கோப்பு மேல் கோப்பு, மூச்சு விட வழியில்லை. எங்கள் ஆசிரியர் மேசையும் இப்படித்தான். கிடைத்ததையெல்லாம் திணித்துவிட்டு, "கொஞ்சம் அழகா பண்ணிக் குடுங்க" என்பார். அழகு என்ன, கொசுறா?

பதினெட்டு வருடமாக அந்த மாத இதழுக்குப் பக்கம் அமைப்பது நான். கணினியில் கட்டுரைக்கு ஒரு பெட்டி போடுவேன். எழுத்து அதற்குள் அடங்காவிட்டால் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி தெரியும். மிச்சம் உள்ளேதான் இருக்கும், அச்சில் மட்டும் வராது.

அந்த மாதம் எங்கள் மருத்துவப் பக்கம் எழுதும் டாக்டர் இருமலுக்குத் தேன் கலவை ஒன்று எழுதியிருந்தார். தேன் சொட்டும் படத்தின் அடியும் எழுத்தின் அடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நின்றன, ஒரு சொல் தவிர. கடைசி வாக்கியம்: "இந்தக் கலவை கைக்குழந்தைகளுக்கு உகந்தது அல்ல." அந்த 'அல்ல' மட்டும் அடுத்த வரிக்கு இறங்கி, கூப்பிடாத விருந்தாளிபோல நின்றது.

டாக்டர் 'உகந்ததல்ல' என்றுதான் எழுதியிருந்தார். பிரித்தது பிழை திருத்தும் அக்கா.

"சேத்துடறேன் அக்கா, ஒரே வரியில அடங்கிடும்."

"வேண்டாம்ப்பா, கண்ணு தாண்டிப் போயிடும். தனியா நின்னாத்தான் பெத்தவங்க பாப்பாங்க. படத்தை ஒரு நூல் சின்னதாக்கேன்."

"படத்துல கை வைக்காதீங்க."

"ஆமா, அதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து." சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பெற்றவர்கள் பார்ப்பார்களாம். பல் வைத்தியரிடம் காத்திருக்கும்போது புரட்டுகிற இதழ் அது. படம் பார்ப்பார்கள், கொட்டாவி விடுவார்கள். எழுத்தை யார் படிக்கிறார்கள்? ஒரு சொல் போனால் ஒருவருக்கும் தெரியாது என்று அக்காவுக்குக் காட்ட நினைத்தேன். பெட்டியின் கீழ் விளிம்பை ஒரு வரி மேலே தள்ளினேன். பக்கம் கண்ணாடி மாதிரி ஆயிற்று.

இதழ் வந்து ஒன்பதாம் நாள் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து விரித்தார். நான்காக மடித்திருந்தார், அதுவும் படத்தின் நடுவிலேயே. கடைசி வரிக்குக் கீழே பேனாக் கோடு.

"ஏழு மாசங்க," என்றார். "ரெண்டு தடவ படிச்சிட்டுத்தான் குடுத்தேன்."

குழந்தையை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்ததாம்.

அக்கா, "என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு" என்று அழுதார். அன்றே வேலையை விட்டார். நான் தடுக்கவில்லை. பிரிக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் ஏன்?

கணினி செய்த தவறா என்று கேட்டீர்கள். பெட்டி ஒரு சொல்லை மறைக்கும், ஐயா. அதன் பின்னால் இருக்கும் முற்றுப்புள்ளியும் கூடவே மறையும். அச்சில் 'உகந்தது' என்பதற்குப் பிறகு ஒரு புள்ளி இருக்கிறது, பாருங்கள். அதை வைத்தவன் நான். முடியாத வாக்கியத்தை என் பக்கத்தில் எப்படி விடுவேன்?