புள்ளி நின்ன எடம்

இல்லண்ணே, வெரலால தடவாதீங்க, வெட்டிரும். கொண்டாங்க இங்க. ஒடைஞ்ச கண்ணாடிய அப்படியே பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வந்திருக்கீங்களே. இதுக்கு மொதல்ல மேல ஒரு டேப்ப ஒட்டிறணும். இல்லன்னா தூளு பூராம் கையில ஏறும், அப்பறம் அந்தக் கையால கண்ணத் தொட்டா ஆஸ்பத்திரிதான்.

உக்காருங்க. அது ஆடும், இந்த சேர்ல உக்காருங்க. டிஸ்ப்ளேதான் போயிருக்கு, உள்ள உயிரு இருக்கு. இந்தா நடுங்குது பாருங்க, யாரோ கூப்புடுறாங்க. எடுக்க முடியாது, விடுங்க. எப்படி ஒடைஞ்சுச்சு, படியில விழுந்துச்சா. சரி சரி.

வெரசா வேணும்னா என்ன செய்ய, பழசக் கழட்டி, புதுச மாட்டி, கம்மு வச்சு, கிளிப்பு போட்டு காயவிடணும். ஈரத்தோட குடுத்தா நாளைக்கே பிச்சுக்கிட்டு வரும், பொன்னுமணி கடையில ஏமாத்திட்டாளுன்னு போடி ஊரு பூராம் சொல்லுவீங்க. வேற கடைக்கா, இனிமே எங்குட்டுப் போவீங்க, நான்தான் கழட்டிட்டேனே. சிம்மு இந்தா, பத்தரமா என் டப்பாவுல இருக்கு.

லாக் நம்பரா, வேண்டாம்ணே. நல்லா கேட்டுக்கங்க, டிஸ்ப்ளே மாத்துறதுக்கு லாக் நம்பரு தேவையே இல்ல. எந்தக் கடைக்காரன் கேட்டாலும் குடுக்காதீங்க. வேலை முடிஞ்சதும் நீங்களே தொறந்து, தொட்டுப் பாத்து வாங்கிக்கங்க. போட்டோ, பேங்க்கு எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு. தண்ணியில விழுந்த போன அரிசிக்குள்ள போட்டுக் கொண்டாராங்க, அது இன்னொரு கூத்து. அரிசித் தூசியும் சார்ஜர் குத்துற ஓட்டையில போயி அடைச்சுக்கிரும். நேரா ஆஃப் பண்ணிட்டு கடைக்குக் கொண்டாந்தா முக்காவாசி பொழைச்சுக்கிரும்.

என்னது, மேப்பு மட்டும் பாக்கணுமா. என் போன்லயா. பாக்கலாம்தான், உங்க ஐடிய இதுல போட்டா தொறக்கும். ஆனா அடுத்தவங்க போன்ல ஐடி போடக் கூடாதுண்ணே, எடுக்க மறந்தோம்னா நம்ம வீட்டுச் சாவிய ரோட்டுல போட்ட மாதிரி. அதுவும் போக ஓடிபி உங்க சிம்முக்குத்தான் வரும். சிம்மு டப்பாவுல கெடக்கு. கொஞ்சம் பொறுங்க, உங்க போன்லயே பாத்துக்கலாம்.

வீட்டுல ஆளு எங்க இருக்காகன்னு பாக்கணுமா. ம்.

மேப்புல காட்டுற அந்தப் புள்ளிய ரொம்ப நம்பாதீங்க. சும்மா சொல்லலை. அத நம்பி ஒரு கொலையே விழுந்துச்சு. குரங்கணிக்கு மேல, ஏலக்காய்த் தோட்டத்துல. கேள்விப்பட்டது இல்லையா, நீங்க அப்ப திருப்பூர்ல இருந்திருப்பீங்க. என் தங்கச்சி வீட்டுக்காரன்தான் வெட்டுனது. ஆமா, கூடப் பெறந்த தங்கச்சி. பவதாரணி.

அவன் பேரு விஜயபாண்டி, லோடு வண்டி ஓட்டுவான். கல்யாணம் ஆன புதுசுல அவளுக்கு ஒரு போனு வாங்கிக் குடுத்தான். குடுக்குறப்பவே லொக்கேசன அவன் போனுக்கு வர்ற மாதிரி போட்டுட்டுத்தான் குடுத்தான். இவளுக்கு அது தெரியாது. சந்தைக்குப் போனா அங்க வந்து நிப்பான், கோயிலுக்குப் போனா வாசல்ல நிப்பான். பாருக்கா, நான் நெனச்ச எடத்துல எல்லாம் வந்து நிக்கிறாருன்னு அவளுக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். ஏன் மருந்துக் கடையில அம்புட்டு நேரம் நின்ன, எவன்கூட நின்னன்னு ஆரம்பிச்சான். கூட்டமா இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டான். சார்ஜர் ஒயர ரெண்டா மடிச்சு முதுகுலயே வீசுவான். வெயில் காலத்துல முழுக்கைச் சட்டைய மாட்டிக்கிட்டு என் கடைக்கு வந்தா. என்னடின்னு கைய மடக்கிப் பாத்தா, பாம்பு சுத்துன மாதிரி வரி வரியா இருக்கு. வீட்டோட வந்துருடின்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டா.

சார்ஜு தீந்து போனு அமந்தா புள்ளி நின்னுரும்ல. அதுக்கும் அடி, வேணும்னே அமத்துறன்னு. அதுனால பவர் பேங்க்க இடுப்புல முடிஞ்சுக்கிட்டுத்தான் மலைக்கு வேலைக்குப் போவா. கூட வர்ற பொம்பளைங்க, என்னாத்தா பவுனா வச்சிருக்கன்னு கேலி பேசுவாங்களாம். ஒரு நா அதக் கொண்டு போக மறந்துட்டா. சாயந்தரம் அந்தப் பவர் பேங்க்காலயே தோள்ல போட்டான். எலும்பு ஒடைஞ்சிருச்சு. மாட்டுத் தொழுவத்துல வழுக்கிருச்சுன்னு டாக்டர்கிட்ட இவளே சொன்னா.

ஏன்ணே நெளியுறீங்க. மின்விசிறிய கூட்டி வைக்கவா. கையில என்ன, வெரல் கணுவெல்லாம் தோலு வழண்டிருக்கு. சரி, நான் ஒண்ணும் கேக்கல. இந்தா பாருங்க, புது டிஸ்ப்ளே வேலை செய்யுது. இப்பத்தான் டெஸ்ட்டு பண்ணேன், இன்னும் ஒட்டல. பொறுங்க.

அந்தத் தோட்டம் எப்படின்னா, மேல ரோட்டு வளைவுல ஏலக்காய வாட்டுற ஸ்டோரு இருக்கு. அந்த வளைவுல மட்டும்தான் டவரு எடுக்கும். அதத் தாண்டி பள்ளத்துல எறங்குனா ஏலச் செடியும் அட்டைப்பூச்சியும்தான், ஒரு புள்ளி சிக்னல் இருக்காது. அங்கதான் காய் எடுக்குற வேலை. சிக்னல் இல்லாத எடத்துக்குள்ள ஆளு போயிட்டா மேப்பு என்ன செய்யும், கடைசியா எங்க பாத்துச்சோ அங்கனயே ஆள நிறுத்தி வச்சுரும். கீழ பொடி எழுத்துல, இது இவ்வளவு நேரத்துக்கு முந்தின்னு போட்டுருக்கும். அத ஒருத்தரும் படிக்கிறது இல்ல. சுத்தி ஒரு வட்டம் வேற தெரியும், அது பெருசா இருந்துச்சுன்னா இந்த வட்டத்துக்குள்ள எங்குட்டோ இருக்காகன்னுதான் அர்த்தம். புள்ளி நடுவுல நிக்கிதேன்னு ஆளும் அங்கதான் நிக்கிறதா நெனச்சுக்கிறது.

அன்னைக்குக் காலையில ஜீப்ப விட்டு எறங்கி, ஸ்டோரு வழியா நடந்து பள்ளத்துக்குள்ள போயிருக்கா. அவன் போடியில வண்டிய நிறுத்திட்டுப் பாக்குறான், பொண்டாட்டி ஸ்டோருல நிக்கிறா. டீ குடிச்சுட்டுப் பாக்குறான், அங்கதான் நிக்கிறா. சாப்பிட்டுட்டுப் பாத்தாலும் ஸ்டோருதான். ஸ்டோருக்குள்ள இருக்கிறது யாருன்னா, அடுப்புக்கு வெறகு தள்ளுற பால்சாமி அண்ணன் ஒரு ஆளு மட்டும். பேரன் எடுத்த மனுசன்ணே. இவன் வண்டியக் கெளப்பிட்டான்.

பால்சாமி அண்ணன் குனிஞ்சு அடுப்பத் தள்ளிக்கிட்டு இருந்தாராம். எங்கடா என் பொண்டாட்டின்னு கேட்டிருக்கான். யாரப்பு, பவதாரணியா, காட்டுக்குள்ள எறங்கிருச்சே, உக்காரு, கூப்புட்டு விடுறேன்னு இருக்காரு. இவன் போன அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டி, இங்கதான் காட்டுது, எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னு கத்திருக்கான். அவரு கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு, போனப் பாக்கக் குனிஞ்சிருக்காரு. கவாத்து வெட்டுற கத்தி சுவத்துல சொருகி இருந்துச்சு. குனிஞ்ச கழுத்துலயே வெட்டிட்டான். ரெண்டாவது வெட்டுக்கு அவரு கைய மறிச்சாரு, மணிக்கட்டோட தொங்கிருச்சு. வாட்ட வச்சிருந்த காயி மேல எல்லாம் ரத்தம். கணக்குப்பிள்ளை ஓடி வந்து பாத்துட்டு மயங்கி விழுந்துட்டாரு.

ஒரு ஆள வெட்டுனா கோவம் தணியும்பாங்க. அவனுக்குத் தணியல. அவரு கடைசியா சொன்னத மட்டும் புடிச்சுக்கிட்டு, கத்தியோட பள்ளத்துக்குள்ள எறங்கிட்டான்.

பவதாரணி குனிஞ்சு செடி அடியில காய் எடுத்துக்கிட்டு இருந்திருக்கா. முடியப் புடிச்சு இழுத்து, கத்திய மாத்திப் புடிச்சு, பின்பக்கத்தால தாடையில அடிச்சான். ஒரே அடி. பல்லு தெறிச்சு, தாடை எறங்கிருச்சு. எலையில என்னோட பல்லு கெடக்குறத நானே பாத்தேங்கா, அது எனக்கு வலிக்கவே இல்லக்கா, ஐயோ பவர் பேங்க் ஈரமாகுதேன்னுதான் நெனச்சேன்னு சொன்னா. அம்புட்டுப் பயம். கத்தியத் திருப்பி ஓங்கிட்டான். ஓங்குன கையில ஒரு பொம்பளை போயி தொங்கிருச்சு. அடுத்த வரிசையில காய் எடுத்துக்கிட்டு இருந்த இருளம்மா அக்கா.

இருளம்மா அக்கா யாரு தெரியுமாண்ணே. பால்சாமி அண்ணன் சம்சாரம். மேல நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. கத்தியில வடிஞ்சுக்கிட்டு இருக்குறது யாரு ரத்தம்னு தெரியாமலே, அந்தக் கத்தியோட மல்லுக் கட்டுது. உள்ளங்கை கிழிஞ்சும் விடல. அதப் பாத்துட்டுத்தான் மத்த பொம்பளைங்க கல்ல எடுத்தாங்க. மண்டையில, முழங்கால்ல, மூஞ்சியில, எங்க பட்டதுன்னு கெடையாது. விழுந்தவன இடுப்புல காய் கூடை கட்டுற கயித்தாலயே மரத்தோட கட்டிப்புட்டாங்க. அவன் சட்டைப்பையில போனு தொறந்தபடியே கெடந்துச்சாம். அப்பயும் புள்ளி ஸ்டோருலதான் நின்னுச்சு.

பால்சாமி அண்ணன் கீழ வர்ற வழியிலேயே ஜீப்புல அடங்கிட்டாரு. ஒரே ஜீப்புதான. அவரு தலைய மடியில வச்சுக்கிட்டு இருளம்மா அக்கா, எதுத்தாப்புல தாடையத் துணியால கட்டிக்கிட்டு என் தங்கச்சி. அந்த ரோட்டுல ஜீப்பு எப்படிக் குலுக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

அவனுக்கு ஆயுள். இருளம்மா அக்கா கோர்ட்டுல நின்னு எல்லாத்தையும் சொல்லிருச்சு. பவதாரணிக்குத் தகடு வச்சுக் கட்டி, இப்பவும் ஒரு பக்கமாத்தான் மெல்லுவா. ராசிங்காபுரத்துல இருளம்மா அக்கா வீட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வருவா. அந்த அக்கா இவகிட்ட ஒரு வார்த்தை பேசாது. வட்டில்ல சோத்தக் கொழைய வடிச்சுப் போட்டுட்டு, இவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்திருக்கும். இவளும் பேச மாட்டா. தின்னுட்டு வட்டிலக் கழுவி வச்சிட்டு வந்துருவா.

இப்ப என்கூடத்தான் கடையில இருக்கா. பொம்பளைங்க யாரு போன் கொண்டாந்தாலும் அவதான் வாங்குவா. லொக்கேசன் யாருக்குப் போகுதுன்னு பாப்பா, வாட்சப்பு வேற எதுலயாச்சும் தொறந்து கெடக்கான்னு பாப்பா. பவர் பட்டன அஞ்சு தடவை அமுக்குனா போலீசுக்குப் போற மாதிரி வச்சுக் குடுப்பா. எல்லா போன்லயும் அது இருக்கு, நம்மதான் போட்டு வைக்கிறது இல்ல. இன்னைக்கு இல்ல, ஒரு சோலியா வெளிய போயிருக்கா.

கம்மு காஞ்சிருச்சு. இந்தாங்க, சிம்மு போட்டாச்சு, ஆன் பண்ணுங்க. எல்லா மூலையிலயும் தொட்டுப் பாருங்க. மேப்பா, தொறந்து பாருங்க, எனக்கென்ன. தேடாதீங்க, அதுல ஒண்ணும் வராது. காலையிலயே பவதாரணி அந்த லொக்கேசன எடுத்துவிட்டுட்டா.

ஆமாண்ணே. உங்க வீட்டுல சிவரஞ்சனி இங்கதான் வந்துச்சு. அவரு போன் இந்தக் கடையிலதான் வாங்குனது, ஒடைச்சதும் இங்கதான் தூக்கிட்டு வருவாருன்னு அதுதான் சொல்லுச்சு. தலையில துண்டச் சுத்திக்கிட்டு வந்துச்சு. அவுத்துப் பாத்தா நெத்தி பொளந்து கெடக்கு, உள்ள கண்ணாடி மின்னுது. போன் டிஸ்ப்ளே எடுக்குற இடுக்கியாலதான் அந்தக் கண்ணாடிச் சில்லையும் எடுத்தேன். பவதாரணிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, தையல் போட்டு, அங்க இருந்து ஸ்டேசனுக்கு.

பழைய டிஸ்ப்ளேயா. அதக் குடுக்க மாட்டேன். விரிசல்ல முடி சிக்கியிருக்கு, நீள முடி. கவர்ல போட்டு வச்சிருக்கேன், ஸ்டேசன்ல இருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வந்து வாங்கிக்கிறேன்னாங்க. குரங்கணிப் பக்கம் ஒரு கேசுக்குப் போயிருக்கோம், ஆளு வந்தா நாங்க வர்ற வரைக்கும் பேச்சுக் குடுத்து உக்கார வைங்கன்னாங்க. அதான் பேசிக்கிட்டு இருந்தேன்.

கைய எறக்குங்க. கதவ விட்டுத் தள்ளி நில்லுங்கண்ணே, அவங்க உள்ள வரட்டும்.