மூன்றாவது ஆள்

இரவு பதினொன்றே முக்கால். தனுவச்சபுரம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் கால்வாய்க் கரையோடு போகிற கனால் ரோடு. ஒரு விளக்குகூடக் கிடையாது. ஸ்கூட்டரில் தனியாக ஓர் ஆள்...

யார் என்கிறீர்களா? இதோ, சால்வையைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே ஸ்ரீகலா, அவளுடைய அண்ணன் சபரிநாதன். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ரயில் அமரவிளை தாண்டி இருட்டில் நின்று அரைமணி நேரம் ஆகிவிட்டது. கொட்டுகிற மழையில் இறங்கி நடக்கவும் முடியாது. கதை கேட்பதைத் தவிர வேறு என்ன வேலை நமக்கு? ராபின்சன், அந்த டார்ச்சை அணை.

சபரிநாதனுக்குத் திருவனந்தபுரத்தில் மென்பொருள் கம்பெனியில் வேலை. கோப்புகளைச் சேமித்து வைக்கிற மென்பொருள். ஒரே கோப்பை மூன்று சர்வர்களில் நகலெடுத்து வைக்கும். ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால், மற்ற இரண்டும் சொல்வதுதான் சரி. ஒற்றையாய் நிற்பதை அழித்துவிடும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நாலாயிரம் டெஸ்டுகள் ராத்திரியில் தானாக ஓடும். முடிய விடிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் முடிகிற மாதிரி தரம்பிரித்து அடுக்கிக் கொடு என்று மேலாளர் இவன் தலையில் கட்டிவிட்டார்.

வேகமானவற்றை ஒரு கட்டாகவும் மெதுவானவற்றை இன்னொரு கட்டாகவும் மூன்று வாரம் பிரித்தான். கடைசியில் ஒரு டெஸ்ட் மட்டும் மல்லுக்கு நின்றது. அது ஒரு சர்வரை மற்ற இரண்டிடமிருந்து துண்டிக்கும். அது இல்லாமல் இரண்டும் சமாளிக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு துண்டித்ததைத் திரும்பச் சேர்த்து, அது வந்து ஒட்டிக்கொள்ளும் வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கு மட்டும் நாற்பது நிமிடம்.

சபரிநாதன் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்தான். டெஸ்ட் பாஸ் என்று பச்சை காட்டியது. துண்டித்தது துண்டித்தபடியே நிற்கும், அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? சுருக்குவழிக்காரர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆனால் இவனைத் திட்ட மனம் வரவில்லை. பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் நான் முதலில் சொன்ன அந்த ரோடு. ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுபால் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. தவளைச் சத்தம். வீட்டுக்கு நூறடி இருக்கும்போது, முன்னால்... கேட் திறந்து மூடுகிற சத்தம். கிரீச். டக்.

போய்ப் பார்த்தால் கேட் உள்ளே பூட்டியிருக்கிறது. முற்றத்தில் ஒரு ஸ்கூட்டர். இவனுடையதேதான், அதே நம்பர். எஞ்சின் சூடு ஆறாமல் டிக்... டிக்... என்கிறது. இவன் ஸ்கூட்டரை விட்டு இன்னும் இறங்கவே இல்லை.

கத்தினான். அம்மா பிச்சம்மாள் வந்து டார்ச்சை அவன் முகத்துக்கு நேராகவே அடித்தாள். அப்புறம் உள்ளே திரும்பி, “ஆரும் இல்ல மக்கா. நீ சோறு தின்னு” என்றாள். அவன் மனைவி அமிர்தாவும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பயந்துபோய் வண்டியைத் திருப்பினான். நேரே போகிற ரோடுதான், வளைவே கிடையாது. பத்து நிமிடத்தில் மறுபடி ஒட்டுபால் நாற்றம்... அதே கேட். மூன்று தடவை.

அப்போதுதான் ஸ்ரீகலாவைக் கூப்பிட்டான். இவள் திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். நான் இதுவரை சொன்னதெல்லாம் அவன் அந்த போனில் சொன்னது. சத்தம் போடாமல், ஆபீஸ் விஷயம் மாதிரி விளக்கினானாம்.

“அம்மையும் அமிர்தாவும் உள்ள இருக்கவன்தாம்னு சொல்லியாச்சு. நீ ஒருத்தியாவது நான்தாம்னு சொல்லு மக்கா. நான் வெளியேயாக்கும் நிக்கேன்.”

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இவள் அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். பிள்ளையை நெஞ்சில் போட்டபடி அண்ணன் தூங்குகிறான், எழுப்பாதே என்று பிச்சம்மாள் கிசுகிசுத்தாள். இவள் திரும்பி வந்து, “அண்ணா, நீ வீட்டுல உறங்குதேன்னு அம்மை சொல்லுதாவ” என்றாள்.



“அப்போ மூணு பேரும் ஆச்சு” என்றான், தவளைச் சத்தத்துக்கு நடுவே. லைன் போய்விட்டது.

மறுநாள் விழுந்தடித்துக்கொண்டு ஊருக்குப் போனாள். அண்ணன்தான் கதவைத் திறந்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. பிள்ளைத் துணியெல்லாம் அவனே துவைக்கிறான். போன் விஷயத்தைக் கேட்டால், நான் எப்போ கூப்பிட்டேன் என்று சிரிக்கிறான். அந்த டெஸ்டும் வெட்டியது வெட்டியபடியே தினமும் ஓடுகிறது, கம்பெனியில் பாராட்டு வேறு.

ஆனால் தினமும் ராத்திரி, அவன் அந்த ரோட்டில் வந்த அதே பதினொன்றே முக்காலுக்கு, அண்ணன் நம்பரிலிருந்து இவளுக்கு அழைப்பு வரும். அந்த நேரத்தில் அவன் போன் தலைமாட்டில் கிடப்பதை அமிர்தா பார்த்திருக்கிறாள். ஸ்ரீகலா எடுப்பதே இல்லை.

ராபின்சன், நீ என்ன கேட்கப் போகிறாய் என்று தெரியும். இங்கே இத்தனை பேர் இருக்கிறோமே, எடுத்து நீதான் என்று சொன்னால் போதாதா? நானும் அதையேதான் கேட்டேன். “அப்போ பிள்ளைய நெஞ்சுல போட்டிருக்கவன் என்ன ஆவான்?” என்றாள்.

 அந்தப் பிள்ளையை நினைத்தால் எடுக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. வெளியே நிற்பவனை நினைத்தால் எடுக்கச் சொல்லத் தோன்றுகிறது.

ஓமனா, மணி பார்க்காதே...

அதோ, அவள் மடியில் போன் அதிர்கிறது. எடுத்து ‘நீதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எடுக்கவா வேண்டாமா என்று ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறீர்கள்?