மூடாத சன்னல்களின் மருத்துவருக்கு

மூச்சின் அருமை அறிந்த மருத்துவரே! நோயாளி சொல்லி முடிக்கும்வரை முகம் பார்த்துக் கேட்கும் பொறுமையின் பெட்டகமே! நெஞ்சக நோய்ப் பிரிவின் நிழலாகவும் சமயத்தில் நெருப்பாகவும் நின்று, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் டாக்டரம்மா! வணக்கம்.

பணியேற்ற முதல் நாள் நீங்கள் முதலில் பார்த்தது நோயாளியை அல்ல, இந்த வார்டின் உயரமான பழைய சன்னல்களை. துருவேறிய தாழ்ப்பாளைச் செருப்பைக் கழற்றித் தட்டித் திறந்தீர்கள். யார் வந்து சேர்ந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது!

அன்று தொடங்கியது அந்த இனிய போர். நீங்கள் சன்னல்களைத் திறந்தபடி முன்னே போவீர்கள். தலைமைச் செவிலியர் மூடியபடி பின்னே வருவார். "நீங்க ரவுண்ட்ஸ் வந்தாலே கம்பளி பத்தல டாக்டர்" என்பார் அவர். "இந்தம்மா சளியை வெளிய அனுப்புறாங்களா, உள்ள கூப்பிடுறாங்களா?" என்று கட்டிலில் கிடந்த பெரியவர் கேட்டபோது எங்களைவிட உரக்கச் சிரித்தவர் நீங்கள்தான்.

சிரித்து முடித்து நீங்கள் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: "டி.பி.க்கு மருந்தே இல்லாத காலத்துல டாக்டருங்க கட்டிலை வராந்தாவுல போட்டாங்க. அவங்க கையில இருந்தது காத்தும் வெளிச்சமும்தான். மாத்திரை வந்துச்சு, நாம சன்னலை மறந்துட்டோம். இப்ப மாத்திரைக்கே அடங்காத கிருமி வந்துடுச்சு. இனி எங்கே போறது?"

கணினித் திரையைப் பார்த்தே மருந்தெழுதும் அவசர நாட்கள் வந்தன. வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. அப்போதும் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கிவிட்டே நோயாளியின் முதுகில் வைத்தீர்கள்.

ஊரையே முடக்கிய அந்தத் தொற்றுநோய் ஆண்டில், மூலைக் கட்டிலில் மூச்சுத் திணறிக் கிடந்தவர் வேறு யாருமல்லர், நம் தலைமைச் செவிலியரேதான். முகக்கவசத்துக்குள்ளிருந்து நீங்கள் கேட்டீர்கள்: "சன்னலை மூடிடட்டுமா சிஸ்டர்?"

"கிண்டல் பண்ணாதீங்க டாக்டர். இன்னும் கொஞ்சம் நல்லாத் திறங்க."

அந்த ஒரு பதிலோடு போர் முடிந்தது.

அம்மா! நீங்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. போன மாதம் இந்தச் சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் பொருத்த அளவெடுக்க வந்தார்கள். "டாக்டரம்மா ரிட்டயர் ஆகட்டும்னுதான் காத்திருந்தோம்" என்றார் பொறியாளர். உங்கள் காதுக்கு எட்டாமல் கண்காணிப்பாளர் அறைக்குள் நுழைந்தவர், இத்தனை காலம் சன்னல்களை மூடிய அதே சிஸ்டர்தான். "அந்தக் காத்துலதான் சார் நான் மூச்சு விட்டேன். குளிர்சாதனத்தை மருந்துக் கிடங்குல போடுங்க, மருந்தாவது கெடாம இருக்கும். எங்க சன்னல்ல கை வைக்காதீங்க" என்றாராம். நேற்றுத்தான் ஆணை வந்தது. சன்னல்கள் இருக்கின்றன, அம்மா, இருக்கும்!

பொன்னாடையைவிட இதுவே உங்களுக்குப் பிடிக்கும் என்று அறிவோம். நீங்கள் நலமோடும் நகைப்போடும், நினைத்த நேரத்தில் தூங்கி எழும் சுகத்தோடும் நெடுங்காலம் வாழ வேண்டும்!

இந்த மடலைத் தலைமைச் செவிலியரே வாசிக்கிறார். அடிக்கிற காற்றில் தாள் படபடக்கிறது. இரு கைகளாலும் இறுகப் பிடித்திருக்கிறார். சன்னலை மூடச் சொல்லி மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

என்றும் உங்கள் அன்பில்,
நெஞ்சக நோய்ப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்