ஆளுக்கொரு திருகு

அட, அது முன்சக்கரத்துக்குப்பா செந்திலு. முன்னாடி பிரேக்கு பிஸ்டன சி கிளாம்பு வெச்சி அழுத்துனா உள்ள போயிடும். பின்னாடி போவாது. ஹேண்ட்பிரேக் அதுக்குள்ளதான இருக்குது, அழுத்திக்கினே திருகணும். ஸ்பேர் கடய வெச்சிக்கினு எனக்கே கிளாம்பு காட்ற.

இது இன்னா, அந்த ஆறு மூஞ்சிக் கட்டையா? நான் பாக்காததா? பிஸ்டன் மூஞ்சில இருக்கற பள்ளத்துல நிக்காது, வழுக்கிப் போயி பிஸ்டன் ரப்பர கிழிச்சிடும். அப்பறம் ஆயில் ஒழுகும், வண்டிக்காரன் எங்கம்மாவையே இழுப்பான். உள்ள வெச்சிடு.

பிஸ்டன் திருகு முழு செட்டு வேணாம்பா, எங்கிட்ட பாதி இருக்குது. வலது பக்கம் திருகறது இருக்குது, இடது பக்கம் திருகறதுதான் இல்ல. சில வண்டியில ஒரு சக்கரத்துக்கு இப்பிடி, எதிர் சக்கரத்துக்கு அப்பிடி. பாதிய வெச்சிக்கினு பாதி பிரேக்குதான் போட முடியும்.

சிரிக்காத. பாதி எப்பிடி வந்துச்சின்னு தவளக்குப்பத்துக்கே தெரியும். நானும் எந்தம்பி கலைவேந்தனும் ஷெட்டப் பிரிச்சிக்கினப்ப நாகராஜன் மாமாதான் பங்கு போட்டாரு. அவரு நெல்லு யாவாரி, அவருக்கு இன்னா தெரியும்? ஸ்பேனரு ஆளுக்குப் பாதி, ஜாக்கி ஆளுக்கு ஒன்னு. இந்தத் திருகு டப்பாவத் தொறந்தாரு, ரெண்டு திருகும் பாக்க ஒரே மாரி இருந்துச்சி, ஆளுக்கு ஒன்னுன்னு நீட்டிட்டாரு. மாமா, ரெண்டும் சேந்தாதான் டூலுன்னு எவனாச்சும் வாயத் தொறந்தமா? அவன் சொல்லட்டும்னு நான், நான் சொல்லட்டும்னு அவன். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கவே இல்ல.

அவங்கிட்ட கேக்கறதா? நல்லா சொன்ன போ. நாங்க பேசியே வருசம் ஆவுது.

வண்டியா? எந்த வண்டியா இருந்தா ஒனக்கு இன்னா? வீலு கழட்டி ஜாக்கியில நிக்குது, இங்க எப்பிடி எடுத்தாறது? பழசு எதுனா இருந்தா காட்டுபா. பாக்காமயே இல்லன்ற. பின்னாடி ஒரு கோணி இருக்குமே, அதுல பாரு.

இன்னா முழிக்கற? நேத்து நீ ஷட்டர் எறக்கசொல்ல அந்தக் கோணிய எந்தம்பி தோள்ல போட்டுக்கினு வந்தான் இல்ல, எதிர் டீக்கடையில நான் நின்னுக்கினுதான் இருந்தேன். செலியமேட்டு ஷெட்ட மூடறானாம். எனக்காச்சும் டிராக்டர் வேல வருது, ஓடிடுது. அவனுக்குக் காரு மட்டும்தான். பாதி பிரேக்கு போடறவங்கிட்ட எவன் வண்டிய வுடுவான்? கையில இருந்த டூலையெல்லாம் ஒங்கிட்ட வித்துட்டுப் போறான், எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கல. வீம்பு புடிச்ச நாயி.

வண்டியும் இல்ல ஒன்னும் இல்லபா. ஜாக்கியில எதுவும் நிக்கல. நீ அவனுக்குக் குடுத்த பணத்த எங்கிட்ட வாங்கிக்க, அந்தக் கோணியில ஒன்னையும் வெளிய எடுக்காம அப்பிடியே எடு. இந்தா, இது எம்பங்கு திருகு. இத்தயும் உள்ள போட்டுக் கட்டி, நாளைக்கி அவன் ஷெட்டுல எறக்கிடு. நான் குடுத்தன்னு சொல்லித் தொலைக்காத, தூக்கிக் கெடாசிடுவான். விக்கலபா, நீயே வெச்சிக்கன்னு சொல்லு.

எனக்கா? எனக்கு எதுக்கு. பின் பிரேக்குன்னு எவனாச்சும் வந்தா, அது செலியமேட்டுலதான் செய்வாங்கன்னு சொல்லி அனுப்பிடுவேன்.